டிடெக்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்ட் பேலன்ஸ்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, அது எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும் என்பதுதான். விளம்பரங்களும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்கின்றன. ஒரு நாணயத்தைக் கையில் பிடித்து, கருவியின் நுனியில் உள்ள தட்டுப் போன்ற காயிலுக்கு முன்னால் ஆட்டி, இத்தனை சென்டிமீட்டர் தொலைவில் ஒலித்தது என்று அளந்து காட்டுவார்கள். ஆனால் காற்றில் தாதுக்கள் கிடையாது. நாம் தேடப்போவது மண்ணுக்குள். அந்த மண்ணும் தன் பங்குக்கு ஒரு சிக்னலைத் தருகிறது, அதுவும் ஆழத்தில் கிடக்கும் நாணயம் தருவதைவிடப் பல மடங்கு பெரிதாக. அந்த மண் சிக்னலைக் கருவி கழித்துவிடும் முறைக்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். ஒரு டிடெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் எந்த வகைக் கிரவுண்ட் பேலன்ஸ் இருக்கிறது, அதன் வீச்சு எதுவரை போகிறது, அதை நம் கையால் மாற்ற முடியுமா என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன். ஆழக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். இன்று பரவலாக விற்கும் டிடெக்டர்களில் பெரும்பாலானவை வி.எல்.எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகையைச் சேர்ந்தவை. சில கிலோஹெர்ட்ஸ் முதல் பல பத்து கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் இயங்குபவை. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று காந்தப்புலத்தை அனுப்பும், மற்றொன்று திரும்பி வருவதை வாங்கும். அனுப்பும் சுருளின் புலம் வாங்கும் சுருளில் நேரடியாக ஏறாதபடி இரண்டையும் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால், அதில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகி, அவை தரும் சிக்னல் அனுப்பிய அலையைவிடச் சற்றுப் பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதைத்தான் ஃபேஸ் என்கிறார்கள். மெல்லிய தகரத்தாள் ஒரு அளவுக்குப் பின்தங்கும். தடித்த வெள்ளி நாணயம் இன்னொரு அளவுக்குப் பின்தங்கும். பொருளின் வகையைக் குறிக்கத் திரையில் தெரியும் டார்கெட் ஐடி எண் இந்தப் பின்தங்கலிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுக்கள், முக்கியமாக மேக்னடைட், வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அவற்றில் குறிப்பிடும்படியான சுழல் மின்னோட்டம் எதுவும் எழுவதில்லை. அனுப்பிய புலத்தையே சற்று வலுப்படுத்தித் திருப்பி விடுகின்றன. ஆகவே அவற்றின் சிக்னல் கிட்டத்தட்டப் பின்தங்காமலே வந்து சேரும். கருவிக்குள் இருக்கும் சுற்று, வரும் சிக்னலில் ஒரு குறிப்பிட்ட ஃபேஸில் உள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுக்கக் கூடியது. மண்ணின் சிக்னலுக்குச் சரியாகச் செங்குத்தாக அமையும் ஃபேஸை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால், மண் எவ்வளவு பெரிய சிக்னலைத் தந்தாலும் அதன் விளைவு அந்த வழியில் பூஜ்யமாகிவிடும். உலோகத்தின் சிக்னல் வேறு கோணத்தில் வருவதால் அது மட்டும் மிஞ்சும். எண்ணெய் நிறுப்பதற்கு முன்பு பாத்திரத்துக்குத் தடை கட்டுவது போன்ற வேலை இது: பாத்திரத்தின் எடையைத் தராசு மறந்துவிட வேண்டும், உள்ளே ஊற்றுவது மட்டும் முள்ளை அசைக்க வேண்டும். கிரவுண்ட் பேலன்ஸ் கருவியின் ஆற்றலைக் கூட்டுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஆற்றலை மண் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இதில் மிகச் சிறிய பிழைகூட ஏன் பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காயிலின் அளவோடு ஒப்பிடத் தொலைவாக இருக்கும் சிறு பொருளின் சிக்னல், தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. புலம் போகும்போது தொலைவின் மூன்றாம் அடுக்குக்குக் குறைகிறது. திரும்பி வரும்போதும் அவ்வாறே. எனவே ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மண்ணோ காயிலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் சிக்னல் சுருங்குவதில்லை. மேலோட்டமாகக் கிடக்கும் நாணயத்தைப் பிடிக்கக் கிரவுண்ட் பேலன்ஸ் தாறுமாறாக இருந்தாலும் போதும். ஆழத்தில் கிடப்பதைப் பிடிக்க வேண்டுமானால், கழிக்காமல் விட்ட மண் சிக்னலின் மிச்சம் அந்த நாணயத்தின் முணுமுணுப்பைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். தாது மிகுந்த நிலத்தில் காயில் தரையிலிருந்து ஒரு விரற்கடை ஏறி இறங்கினாலே மண்ணின் சிக்னல் கணிசமாக மாறும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், காற்றில் அளந்த ஆழக் கணக்கு நிலத்துக்கு ஏன் பொருந்துவதில்லை என்பது புரியும்.

அடுத்ததாக, பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம். மண்ணைப் பற்றிக் கருவி இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்ல முடியும். ஒன்று மண்ணின் ஃபேஸ். அது எந்த வகைத் தாது என்பதைக் காட்டுகிறது. மற்றொன்று தாதுவின் வலு. அது எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கிரவுண்ட் பேலன்ஸ் எண் என்று திரையில் தெரிவது முதலாவது. அந்த எண் பெரிதாக இருப்பதால் மண் மோசமானது என்று பொருளில்லை. வெண்மையான பவளத் துகள் மணலிலும், தூய குவார்ட்ஸ் மணலிலும் வலு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அங்கே எண் எதுவாக இருந்தாலும் கருவிக்குக் கவலையில்லை. மேக்னடைட் செறிந்த கருமணலில் வலு மிக அதிகம், ஆனால் அதன் ஃபேஸ் ஒழுங்கானது, ஒரு முறை பூஜ்யமாக்கிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அங்கே வரும் சிக்கல் வேறு: வாங்கும் சுற்று தாங்க முடியாத அளவுக்குச் சிக்னல் வந்து நிரம்பிவிடுவது. அதற்குக் கிரவுண்ட் பேலன்ஸைத் திருகிப் பயனில்லை. சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைக்க வேண்டும், அல்லது சிறிய காயிலுக்கு மாற வேண்டும். மண்ணின் வலுவைத் தனிப் பட்டையாகக் காட்டும் கருவிகள் சில உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபிஷர் எஃப்75 கருவியின் கையேடு. அதன் அளவுகோலில் 0 முதல் 10 வரை ஈரமான உப்பும் காரமும். 40 முதல் 75 வரை சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிற இரும்புக் களிமண். 75 முதல் 95 வரை மேக்னடைட் போன்ற கறுப்புத் தாதுக்கள். இடையில் 5 முதல் 25 வரை எண் வந்தால் அநேகமாக நீங்கள் ஓர் இரும்புத் துண்டின் மேல் காயிலை வைத்திருக்கிறீர்கள், நகர்ந்து வேறிடத்தில் பாருங்கள் என்பது அதன் அறிவுரை. இப்படி எண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கையேட்டிலேயே எழுதிவைக்கும் நிறுவனத்தின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் அளவுகோலை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் வரிசையில் கிரவுண்ட் பேலன்ஸ் -9 முதல் 99 வரை போகிறது, தொழிற்சாலையிலிருந்து 0 என்ற மதிப்பில் வருகிறது. அந்த 0-வுக்கும் ஃபிஷரின் 0-வுக்கும் எந்த உறவும் கிடையாது. இரண்டு பேர் தத்தம் கருவிகளின் எண்களை வைத்துக்கொண்டு யாருடைய மண் மோசம் என்று வாதாடுவதை நான் கேட்டிருக்கிறேன். இருவரும் சொன்னதில் பொருளே இல்லை.

இப்போது வகைகளுக்கு வருவோம். மிக எளியது, தொழிற்சாலையிலேயே நிலையாகப் பொருத்தி அனுப்பப்படுவது. காரட் நிறுவனத்தின் ஏஸ் வரிசைத் தொடக்கநிலைக் கருவிகள் இப்படிப்பட்டவை. ஒரு சராசரி மண்ணுக்கு ஏற்ற ஃபேஸை அவர்களே தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடுவார்கள். தாது குறைந்த நிலத்தில், விளையாட்டுத் திடல், பூங்கா போன்ற இடங்களில் இது போதுமானது. அதைக் குறை சொல்பவர்கள் தேவைக்கு மீறிக் குறை சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் மண் அந்தச் சராசரிக்கு அருகில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதிலிருந்து விலகினால், கருவி உங்களிடம் எதையும் சொல்லாமல் ஆழத்தை இழந்துவிடும். வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் முறையில் இருக்கும் வடிகட்டிகள் மண்ணின் மெதுவான ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடுவதால், இரைச்சல் எதுவும் கேட்காது. ஆழத்தில் இருக்கும் நல்ல நாணயம் இரும்பு என்று எண் காட்டும், நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள். அந்த அமைதியை நல்ல செயல்பாடு என்று எடுத்துக்கொள்வதுதான் இவ்வகைக் கருவியில் உள்ள ஆபத்து.

அடுத்த வகை, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கினால் கருவியே மண்ணின் ஃபேஸை அளந்து பிடித்துக்கொள்வது. இதைக் கிரவுண்ட் கிராப் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை, புதிதாக வாங்குபவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வசதி இதுவே. மூன்றாவது, மேனுவல்: எண்ணை நாமே ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்கலாம். நான்காவது, டிராக்கிங்: நாம் நடந்து தேடிக்கொண்டிருக்கும்போதே கருவி மண்ணின் மாற்றத்தைப் பின்தொடர்ந்து தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். நல்ல கருவிகளில் இவை மூன்றும் சேர்ந்தே இருக்கும். கிராப் செய்து, பிறகு கையால் ஓரிரு எண்கள் நகர்த்திக்கொள்ளலாம். காரட் ஏடி புரோ போன்ற நடுத்தரக் கருவிகளிலேயே தானியங்கியும் மேனுவலும் உண்டு என்பதால், இது விலை உயர்ந்தவற்றுக்கு மட்டுமே உரிய வசதி என்று எண்ண வேண்டியதில்லை. மாறாக, பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் மைன்லேப் வேன்க்விஷ் வரிசையில், பயனர் மாற்றக்கூடிய கிரவுண்ட் பேலன்ஸ் கிடையாது. அந்த வேலையை அதன் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆகவே, பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கருவியை ஒதுக்கிவிடவும் முடியாது. ஒற்றை அதிர்வெண் கருவியில் அது இல்லாததும், பல அதிர்வெண் கருவியில் அது இல்லாததும் ஒன்றல்ல.

மேனுவலாகச் செய்யும் முறையை ஒரு முறை பொறுமையாகக் கற்றுக்கொண்டவர், பிறகு தானியங்கிக் கருவியையும் நன்றாகப் புரிந்து பயன்படுத்துவார். கருவியை எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல் மெட்டல் முறைக்கு மாற்றி, த்ரெஷோல்ட் எனப்படும் பின்னணி ஒலியை, கொசுவின் ரீங்காரம் அளவுக்கு மெல்லியதாக, ஆனால் அறுபடாமல் கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். உலோகம் இல்லாத ஓர் இடத்தை, காயிலைப் பக்கவாட்டில் வீசிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு காயிலைத் தரைக்கு இணையாகவே பிடித்து, முழங்கால் அளவிலிருந்து தரைக்கு இரண்டு விரற்கடை மேலே வரை இறக்கி, மீண்டும் ஏற்றி, இதையே நிதானமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இறக்கும்போது ரீங்காரம் பெருத்தால், மண் இன்னும் முழுதாகக் கழிக்கப்படவில்லை. இறக்கும்போது ஒலி அமுங்கி, ஏற்றும்போது எழுந்தால், தேவைக்கு மேல் கழித்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில், காயில் ஏறினாலும் இறங்கினாலும் ரீங்காரம் அசையாமல் ஒரே சீராக நிற்கும். அந்தப் புள்ளியை நெருங்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் வித்தியாசம் காதில் தெரியும். எண்ணைத் தாண்டிப் போய்விட்டால், ஒலி எழும் இடம் சட்டென்று கீழிருந்து மேலுக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தைக் காதால் ஒரு முறை பிடித்துவிட்டவருக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

இப்படிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பல அனுபவசாலிகள் ஓரிரு எண்கள் நகர்த்தி, இறக்கும்போது மிக மெல்லிய ஒலி எழும்படி விட்டுவைப்பார்கள். இதை நேர்மறைப் பக்கம் வைப்பது என்பார்கள். எதிர்மறைப் பக்கம் சென்றால் ஆழத்தில் இருக்கும் சிறு பொருளின் சிக்னலையும் சேர்த்துக் கழித்துவிடும் வாய்ப்பு இருப்பதால், பிழை செய்வதானால் நேர்மறையில் செய்வது மேல். தானியங்கிக் கருவிகள் சிலவற்றில் இந்த நகர்த்தலை ஆஃப்செட் என்ற பெயரில் தனியாக வைக்கலாம். சின்ன விஷயம்தான், ஆனால் சிறு தங்கத் துணுக்குகளைத் தேடுபவர்களுக்கு மிகவும் பயன்படுவது. இந்த வேலையின்போது காலில் எஃகு முனை வைத்த காலணி இருந்தால், காயில் ஏறி இறங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மண்ணைத் திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி காலணியாக இருக்கும்.

டிராக்கிங் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். ஓரடிக்கு ஒருமுறை மண் மாறும் இடங்களில், செம்மண்ணும் சரளையும் மாறி மாறி வரும் நிலத்தில், அது பெரும் உதவி. ஆனால் மண் ஒரே சீராக இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. நிலையாகப் பூட்டி வைப்பதே நல்லது. சந்தேகமான மெல்லிய ஒலி ஒன்று கேட்டால், அதை உறுதிசெய்ய அதே இடத்தில் காயிலை மீண்டும் மீண்டும் வீசுவோம் அல்லவா? டிராக்கிங் அந்த ஒலியையும் மண் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட முடியும். ஐந்தாறு வீச்சுக்குள் ஒலி தேய்ந்து மறைந்துவிட்டால், அது மண்ணின் பொய் ஒலியா, கருவி விழுங்கிய நல்ல பொருளா என்று சொல்ல முடியாது. எனவே டிராக்கிங்கை ஒரு பொத்தானில் நிறுத்த முடிகிறதா, அதன் வேகத்தை மாற்ற முடிகிறதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நிறுத்த முடியாத டிராக்கிங் உள்ள கருவியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒற்றை அதிர்வெண் கருவிக்குத் தீராத சிக்கல் தருவது உப்பு நீர். ஈரமான கடற்கரை மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அதன் சிக்னல் தாதுவைப் போல் இல்லாமல், மெல்லிய உலோகத் தாளின் சிக்னலைப் போலப் பின்தங்கி வரும். கிரவுண்ட் பேலன்ஸை அந்த உப்பின் ஃபேஸுக்குக் கொண்டுபோய் வைத்தால், கருவி அமைதியாகும், ஆனால் அதே ஃபேஸில் இருக்கும் மெல்லிய தங்கச் சங்கிலியும் உப்போடு சேர்ந்து மறைந்துவிடும். அந்தக் கடற்கரையில் கருமணலும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் ஒற்றை அதிர்வெண்ணில் ஒரு நேரத்தில் ஒரு ஃபேஸைத்தான் பூஜ்யமாக்க முடியும், அங்கேயோ இரண்டு வெவ்வேறு ஃபேஸ்கள். தாதுவின் பதிலும் உப்பின் பதிலும் அதிர்வெண் மாறும்போது வெவ்வேறு விதமாக மாறுகின்றன. ஆகவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அளந்து, அளவுகளைத் தக்க விகிதத்தில் கூட்டிக் கழித்தால் இரண்டையும் சேர்த்தே அடக்க முடியும். 1990-களில் வந்த ஃபிஷர் சிஇசட் வரிசை 5, 15 கிலோஹெர்ட்ஸ் என்ற இரு அதிர்வெண்களைக் கொண்டு இதைச் செய்தது. பெரும்பாலும் கடற்கரையில் தேடப்போகிறவர், கிரவுண்ட் பேலன்ஸின் வகையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, பல அதிர்வெண் கருவியா, துடிப்பு துடிப்பாகப் புலத்தை அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியா என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஒற்றை அதிர்வெண் கருவியே வாங்குவதானால், அதன் கிரவுண்ட் பேலன்ஸ் வீச்சு உப்புப் பகுதி வரை இறங்குகிறதா என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பலவற்றில் தாதுப் பகுதியோடு நின்றுவிடும்.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளுக்குக் கிரவுண்ட் பேலன்ஸே தேவையில்லை என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். அவை ஒரு துடிப்பை அனுப்பி, அது அணைந்து சுமார் 10 மைக்ரோ நொடிகள் கழித்துத்தான் கேட்கத் தொடங்கும். தூய மேக்னடைட் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் மேக்ஹெமைட் போன்ற தாதுக்களின் மிக நுண்ணிய துகள்கள், காந்தமேறியதும் உடனே அடங்காமல், காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மெல்லத் தேய்கின்றன. உலோகத்தின் சிக்னலோ அடுக்குக்குறி முறையில் வேகமாகத் தேய்கிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, இரு வேறு நேரங்களில் எடுத்த அளவுகளைத் தக்க விகிதத்தில் கழித்து மண்ணைப் பூஜ்யமாக்குகிறார்கள். தங்கம் தேடுவோருக்கான மைன்லேப் கருவிகளில் இது முக்கியமான வசதி. ஜிபிஇசட் 7000 கருவியோடு கிரவுண்ட் பேலன்ஸுக்கு உதவ ஒரு மஞ்சள் நிற ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான்) வளையமும் தருகிறார்கள். இந்தக் கழித்தலுக்கு ஒரு விலை உண்டு: தேயும் வேகம் குறிப்பிட்ட அளவில் இருக்கும் சில பொருள்கள் மண்ணோடு சேர்ந்து பூஜ்யமாகிவிடும். அதைத் தாண்டிய இரு பக்கங்களிலும் உள்ள பொருள்கள் எதிரெதிர் ஒலிகளைத் தருகின்றன. ஒரே கருவி ஒரு பொருளுக்கு ஒலி ஏறி இறங்குவதாகவும், மற்றொன்றுக்கு இறங்கி ஏறுவதாகவும் காட்டுவதன் காரணம் இதுதான்.

மேக்ஹெமைட்டின் பெயரை எடுத்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணின் நிறத்தை வைத்து அதன் தொல்லையைக் கணிக்க முடியாது. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது பெரும்பாலும் ஹெமடைட். அது பலவீனமான காந்தத்தன்மை கொண்டது, டிடெக்டருக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. தொந்தரவு தருவது அதனோடு ஒளிந்திருக்கும் மேக்ஹெமைட். நெருப்பு எரிந்த இடங்களிலும் சுட்ட செங்கல்லிலும் பானை ஓட்டிலும் இது உருவாகும். ஆகவே பழைய குடியிருப்பு இருந்த நிலத்தில் சுற்றிலும் உள்ள மண்ணுக்குப் பூஜ்யமாக்கிய கருவி, ஒரு செங்கல் துண்டின் மேல் உலோகம் போலவே ஒலிக்கும். இப்படித் தனியாக ஒலிக்கும் கற்களை ஹாட் ராக் என்பார்கள். மேக்னடைட் செறிந்த கல் இதற்கு எதிர்மாறு: காயில் அதன் மேல் இருக்கும்போது ஒலி அமுங்கி, கடந்த பிறகு ஒரு துள்ளலோடு எழும். காயிலைத் திருப்பி எதிர்த்திசையில் வீசினால், ஒலி எழும் இடமும் கல்லின் மறுபக்கத்துக்கு மாறிவிடும். இந்த வித்தியாசத்தைக் காது பழகிவிட்டால் வீணாகத் தோண்டுவது பாதியாகக் குறையும். உங்கள் மண்ணைக் கணிக்க எளிய வழி ஒன்று: ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உலர்ந்த மண்ணில் புரட்டி எடுங்கள். உறையில் கறுப்பு மயிர் போல அடர்ந்து ஒட்டினால் மண்ணில் காந்தத் தாது மிகுதி. ஒன்றும் ஒட்டவில்லையென்றால் எளிய கருவியே உங்களுக்குப் போதும். மிச்சப் பணத்தை குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் நல்ல பின்பாயிண்டருக்குச் செலவிடலாம்.

காயிலின் வகையும் இங்கே கணக்கில் வரும். இரண்டு D எழுத்துகள் முதுகோடு முதுகாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவிலான டபுள் டி காயில், காயிலின் நடுவில் ஒரு கோடு போன்ற குறுகிய பகுதியில் கூர்மையாக உணர்வதால், தாது மிகுந்த மண்ணில், ஒரே மையம் கொண்ட வட்டச் சுருள்களாலான கான்சென்ட்ரிக் காயிலைவிட அமைதியாக இருக்கும். சிறிய காயில் ஒரே நேரத்தில் குறைந்த அளவு மண்ணையே பார்க்கும். மோசமான மண்ணில் பெரிய காயிலைக் கழற்றிவிட்டுச் சிறியதைப் போட்டால் ஆழம் கூடுவதும், சென்சிடிவிட்டியைக் குறைத்தால் நல்ல பொருள் தெளிவாகக் கேட்பதும் முதலில் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடக்கிறது. காயிலை மாற்றினால் கிரவுண்ட் பேலன்ஸையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஈரம் மாறினாலும், கருவி வெயிலில் சூடேறினாலும் அப்படியே.

வாங்குவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கடைக்குள் நின்றுகொண்டு நாணயத்தை ஆட்டிப் பார்ப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சுவருக்குள் கம்பியும் தரைக்குள் கம்பியும் இருக்கும் இடத்தில் கிரவுண்ட் பேலன்ஸே சரியாக வராது. நீங்கள் தேடப்போகும் நிலத்தின் மண்ணை, காயிலைவிட அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி எடுத்துப்போய், திறந்த வெளியில் வைத்து, அதன் மேல் காயிலை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பூஜ்யப் புள்ளி கிடைக்கிறதா, எண் வீச்சின் நடுப்பகுதியில் இருக்கிறதா ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா, மூன்று முறை கிராப் செய்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகின்றனவா என்று கவனியுங்கள். ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கருவி உங்கள் மண்ணுக்கானதல்ல. எண் ஒவ்வொரு முறையும் எங்கெங்கோ தாவினால், மண்ணின் வலு அளக்க முடியாத அளவுக்குக் குறைவு, அல்லது அந்தத் தொட்டிக்குள் ஓர் ஆணி கிடக்கிறது. முதலில் மண்ணைக் கொட்டி ஆணியைத் தேடுங்கள்.

பழைய கருவியை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்குபவர்களுக்கும் இதே சோதனை உதவும். சாதாரண மண்ணில்கூடப் பூஜ்யப் புள்ளி வீச்சின் கடைசியில்தான் கிடைக்கிறது என்றால், அல்லது கிடைக்கவே இல்லையென்றால், பெரும்பாலும் காயிலுக்குள் சுருள்கள் பொருத்தம் கலைந்திருக்கும், அல்லது ஈரம் புகுந்திருக்கும். காயிலின் விளிம்பை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். த்ரெஷோல்ட் ஒலி துள்ளினால் சந்தேகம் உறுதியாகிறது. அதே வகையில் வேறொரு காயிலைப் பொருத்தி மீண்டும் ஏற்றி இறக்கிப் பார்த்து, பூஜ்யம் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் கருவியின் மூளைப் பகுதி நலமாகவே இருக்கிறது; புதுக் காயிலின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.